அதே தட்டு, வேறு வாடகை: தேக்காவில் சாப்பாட்டு விலை எப்படி உருவாகிறது?

சிங்கப்பூரில் ஓர் உணவங்காடிக் கடைக்கு மாதம் 10,158 வெள்ளி (சிங்கப்பூர்த் தமிழர் வழக்கில் வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) வாடகை தருவதாக ஒருவர் ஏலத்தில் கேட்டிருக்கிறார் என்று 2024 இல் செய்தி வந்தது. மரீன் பரேட் உணவங்காடி நிலையத்தில் இருக்கும் ஒரு சின்னக் கடை அது. கேட்டவுடன் எவருக்கும் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான்: கடை வாடகையே பத்தாயிரம் என்றால், நாம் சாப்பிடுகிற தட்டு என்ன விலைக்கு வரும்?

ஆனால் அதே ஊரில் மாதம் 320 வெள்ளி வாடகை கட்டும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். சில இடங்களில் அது 192 வெள்ளிதான். பத்தாயிரமும் உண்மை, முந்நூற்று இருபதும் உண்மை. இரண்டு கடையையும் வாடகைக்கு விடுவது ஒரே அரசு அமைப்பு. இது எப்படி என்று புரியாவிட்டால், விலை ஏறும்போதெல்லாம் பழியைத் தவறான இடத்தில் போடுவோம். நமக்கு நன்றாகத் தெரிந்த, லிட்டில் இந்தியா வட்டாரத்துச் சந்தையும் உணவங்காடியுமான தேக்காவை வைத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.



## முதலில் நான்கு சொற்கள்

செய்திகளில் இந்த நான்கும் கலந்து வருகின்றன. குழப்பத்தில் பாதி இதனால்தான்.

1. ஈரச்சந்தை. மீன், இறைச்சி, காய்கறி, பூ, வாழையிலை விற்கும் கூரைச் சந்தை. நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

2. உணவங்காடி நிலையம். சமைத்த உணவு விற்கும் சிறு கடைகள் வரிசையாக இருக்க, நடுவே பொது மேசைகள். குளிரூட்டி கிடையாது, மின்விசிறிதான். பல இடங்களில் ஈரச்சந்தையும் இதுவும் ஒரே கட்டடத்தில் இருக்கும். நிலம் அரசுடையது. தேசியச் சுற்றுப்புற வாரியம் மேற்பார்வை செய்கிறது.

3. காப்பிக்கடை. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடைத்தொகுதி. இவற்றில் பல தனியாருக்குச் சொந்தம். 2022 இல் தெம்பனிஸ் வட்டாரக் காப்பிக்கடை ஒன்று 41.6 மில்லியன் வெள்ளிக்குக் கைமாறியது. அந்தச் செய்திக்கும் உணவங்காடி வாடகைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

4. உணவுக்கூடம். கடைத்தொகுதிகளுக்குள் குளிரூட்டி போட்டு ஒரு நிறுவனம் நடத்துவது. வாடகை அந்த நிறுவனமும் கட்டட உரிமையாளரும் பேசிக்கொள்வது.

இங்கே பேசப்போவது முதல் இரண்டையும் பற்றித்தான். பழைய உணவங்காடி நிலையத்தின் வாடகை விதிகள் காப்பிக்கடைக்குப் பொருந்தாது. காப்பிக்கடை விலைக்கு உணவங்காடிக்காரரைத் திட்டினால் அது அநியாயம்.

## தேக்காவுக்குள் ஒரு சுற்று

சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சேரும் மூலையில் இருக்கிறது தேக்கா நிலையம். பக்கத்துத் தெருவுக்கு எருமைச் சாலை, பஃபலோ ரோடு என்று பெயர். ஒரு காலத்தில் ரோச்சோர் கால்வாயை ஒட்டிய இந்தப் பகுதியில் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் இங்கே வேரூன்றியது. மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். மாடு வந்ததால் மாடு மேய்ப்பவர்கள் வந்தார்கள். அவர்களில் இந்தியர்கள் நிறைய. லிட்டில் இந்தியா இங்கே உருவானதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய சந்தை 1915 இல் சாலையின் எதிர்ப்பக்கம் திறக்கப்பட்டது. தேக்கா என்ற பெயர் சீனர்களின் ஹொக்கியன் பேச்சில் 'சிறு மூங்கிலின் அடி' என்று பொருள்படும் 'தெக் கியா கா'வின் சுருக்கம். இப்போதுள்ள கட்டடம் 1982 இல் வந்தபோது அந்தப் பெயரை மாண்டரின் உச்சரிப்புக்கு மாற்றி 'சூஜியாவ் நிலையம்' என்று வைத்தார்கள். மக்கள் வாயில் அது ஒட்டவே இல்லை. 2000 ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகவே தேக்கா நிலையம் என்று திரும்பியது. மலாய்த் தொழுவம், ஹொக்கியன் மூங்கில், தமிழர் கூட்டம் மூன்றும் ஒரே மூலையில்.

கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, மறுபக்கம் உணவங்காடி. மாடியில் புடவை, பஞ்சாபி உடை, தையல் கடைகள். ஈரச்சந்தையில் காலை ஏழு மணிக்கு நுழைந்தால் முதலில் வருவது சத்தம்: ஆட்டிறைச்சிக் கடையில் மரக்கட்டை மேல் கத்தி விழும் சத்தம். நீங்கள் 'கறிக்கு' என்கிறீர்களா, 'சூப்புக்கு' என்கிறீர்களா என்பதைக் கேட்டுத்தான் அவர் எலும்பை எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்கிறார். அடுத்த வரிசையில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, மாங்காய், வாழைப்பூ. பனிக்கட்டி மேல் மீன். கட்டிப் போட்ட இலங்கை நண்டு.

அந்தப் பக்கம் வந்தால் உணவங்காடி. பிரியாணிக் கடைகள், ரொட்டி பிராட்டா, தோசை, ஆப்பம், இந்திய ரோஜாக், மீ கோரெங், ஆட்டுச் சூப். அவற்றுக்கு நடுவே சீனர் வாத்துச் சோறும் உண்டு. ஒரு கடைக்காரர் தே தாரிக் ஆற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், இரண்டு குவளைக்கும் நடுவே தேநீர் ஒரு முழம் நீளத்துக்கு இறங்குகிறது. அடியில் நுரை கட்டுகிறது. ஒரு சொட்டு மேடையில் சிந்தவில்லை. அவருடைய கடை இருவர் நின்றால் நிறைந்துவிடும். அந்தச் சின்ன இடத்துக்கான மாத வாடகைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

## தெருவிலிருந்து கூரைக்கு

வாடகைக் குழப்பத்தின் வேர் வரலாற்றில் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டு எதுவும் புரியாது.

போருக்குப் பிறகு சிங்கப்பூரில் வேலை கிடைக்காதவர்களுக்கு இருந்த எளிய வழி, தள்ளுவண்டியில் அல்லது தலைச்சுமையில் உணவு விற்பது. முதலீடு குறைவு, படிப்பு தேவையில்லை. அதன் மறுபக்கம் தெருவெல்லாம் கழிவுநீர், குழாய்த் தண்ணீர் இல்லாமல் கழுவிய பாத்திரங்கள், நோய். 1950 இல் காலனி அரசு இதை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1968, 1969 ஆண்டுகளில் தீவு முழுக்கத் தெருக்கடைக்காரர்களைக் கணக்கெடுத்தபோது சுமார் 18,000 பேர் பதிவானார்கள்.

அவர்களை விரட்டவில்லை, உரிமம் கொடுத்து, 1971 முதல் 1986 வரை கட்டடங்கள் கட்டி, குழாயும் கழிவுநீர் வசதியும் மின்சாரமும் தந்து உள்ளே கொண்டுவந்தார்கள். 1977 இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆற்றுத் துப்புரவுப் பணியில் ஆற்றங்கரைக் கடைகளும் இடம் மாறின. பத்து வெள்ளி இருபது வெள்ளி வியாபாரம் செய்தவர்களிடம் கட்டட வாடகை கேட்டால் எப்படித் தருவார்கள்? அதனால் அவர்களுக்கு மானிய வாடகை. இதுதான் இன்றைய 320 வெள்ளியின் பிறப்பு. அது யாருக்கோ காட்டிய சலுகை என்று நினைப்பவர்கள் உண்டு. தெருவில் இருந்த பிழைப்பைக் கைவிட்டு அரசு சொன்ன இடத்துக்கு வந்ததற்கு அரசு கொடுத்த ஈடு அது. அந்த வாக்கு இன்றுவரை காப்பாற்றப்படுகிறது, அது சரியான செயல் என்றே சொல்ல வேண்டும்.

1986 க்குப் பிறகு நீண்ட காலம் புதிய நிலையம் எதுவும் கட்டப்படவில்லை. 2011 இல்தான் அரசு மறுபடியும் கட்டப்போவதாக அறிவித்தது. இன்று 110 க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பர் 16 அன்று சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

## ஒரே கூரை, மூன்று வாடகை

இப்போது மையத்துக்கு வருவோம். ஒரே நிலையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கடைகள் மூன்று வெவ்வேறு விதமாக வாடகை கட்டலாம்.

1. மானிய வாடகை. தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறைக்கு. பெரும்பாலும் மாதம் 320 வெள்ளி, சில நிலையங்களில் 192 வெள்ளி.

2. ஏலக்குத்தகை வாடகை. ஒரு கடை காலியானால் வாரியம் அதை மாதாந்திர ஏலக்குத்தகைக்கு விடுகிறது. கேட்பவர் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். பொதுவாக ஆக அதிகம் கேட்டவருக்குக் கடை. அந்தத் தொகை மூன்றாண்டுக்கு நிற்கும். 10,158 வெள்ளிச் செய்தி இந்த வகை.

3. மதிப்பிட்ட வாடகை. முதல் மூன்றாண்டு முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, பழைய ஏலத்தொகை தொடராது. தொழில்முறை மதிப்பீட்டாளர் சந்தை நிலவரத்தைப் பார்த்துச் சொல்லும் தொகைக்கு வாடகை மாறும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. உணர்ச்சிவசப்பட்டு நாலாயிரம் கேட்டவர்கூட, மூன்றாண்டு தாக்குப்பிடித்தால் அப்புறம் அதைவிடக் குறைந்த வாடகைக்கு இறங்க வாய்ப்பு இருக்கிறது. மானியம் பெறாத சமைத்த உணவுக் கடைகளின் இடைநிலை வாடகை 2015 முதல் பல ஆண்டுகளாக மாதம் 1,250 வெள்ளியை ஒட்டியே இருந்ததற்கு இதுவும் காரணம். இடைநிலை என்றால், கடைகளை வாடகை வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிற கடை தருவது. பத்தாயிரம் தருகிற ஒருவர் அந்த வரிசையின் ஓரத்தில் நிற்கிறார். செய்தி அவரைப் பற்றித்தான் வரும். நடுவில் நிற்பவரைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்?

2012 இல் நடந்த இரண்டு மாற்றங்களையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஏலத்தில் இருந்த குறைந்தபட்சத் தொகையை நீக்கினார்கள். அதனால் கூட்டமில்லாத சில இடங்களில் ஒரே ஒரு வெள்ளிக்குக் கேட்டவருக்கும் கடை கிடைத்தது. இரண்டு, உள்வாடகைக்கு விடுவதைத் தடுத்தார்கள். அதற்கு முன் கடை வைத்திருந்த சிலர், அதை வேறொருவருக்கு அதிக வாடகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடிந்தது. அந்த இடைவெளிப் பணத்தைக் கடைசியில் கொடுத்தது அடுப்படியில் நின்றவரும் சாப்பிட வந்தவரும்தான். இப்போது கடை யார் பெயரில் இருக்கிறதோ அவரே நடத்த வேண்டும்.

## ஒரு தட்டில் வாடகை எவ்வளவு?

கணக்காகவே பார்த்துவிடலாம். இது எந்தக் கடையின் நிஜக் கணக்கும் இல்லை. விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஒரு பிரியாணிக் கடை மாதம் 26 நாள் திறக்கிறது, நாளுக்கு 150 தட்டு விற்கிறது. மாதத்துக்கு 3,900 தட்டு.

1. வாடகை 320 வெள்ளி: தட்டுக்கு 8 காசு.
2. வாடகை 1,250 வெள்ளி: தட்டுக்கு 32 காசு.
3. வாடகை 4,000 வெள்ளி: தட்டுக்கு 1 வெள்ளி 3 காசு.
4. வாடகை 10,158 வெள்ளி: தட்டுக்கு 2 வெள்ளி 60 காசு.

முதல் இரண்டு வரிகளுக்கு நடுவே வித்தியாசம் 24 காசுதான். ஒரு தட்டு ஆறு வெள்ளி என்றால் அது பெரிய விஷயமே இல்லை. நாலாவது வரி வேறு உலகம்.

இன்னொன்றையும் மாற்றிப் பாருங்கள். விற்பனை பாதியாகி நாளுக்கு 75 தட்டு என்றால் எல்லாமே இரண்டு மடங்காகும். 320 வெள்ளிக் கடைக்கு அது 16 காசு. அவர் சிரித்துக்கொண்டே சமாளிப்பார். 10,158 வெள்ளிக் கடைக்கு 5 வெள்ளி 20 காசுக்கு மேல்; அவர் மூட வேண்டியதுதான். அதிக வாடகையின் உண்மையான ஆபத்து இங்கே இருக்கிறது: மழைக்காலத்தையும் காய்ச்சலில் படுத்த ஒரு வாரத்தையும் தாங்குகிற பலத்தைக் கடைக்காரரிடமிருந்து அது பிடுங்கிவிடுகிறது.

சரி, தட்டின் மீதிப் பணம் எங்கே போகிறது? உணவங்காடிச் செலவுகளைப் பற்றி அரசு வெளியிட்ட விவரங்களின்படி பாதிக்கு மேல் மூலப்பொருளுக்கு, அடுத்தது ஆள்கூலி, அதன் பிறகுதான் வாடகை. அதனால் விலை ஏறுவதற்கான காரணத்தைத் தேடினால் முதலில் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும்.

2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழி வரத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. ஈரச்சந்தைக் கோழிக்கடைகள் சில அன்று கதவை இறக்கின. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. தேக்காவில் தோசை ஊற்றுகிறவருக்கு இது எங்கோ தில்லியில் நடந்த விஷயமில்லை; அடுத்த நாள் மாவுக்கு ஊறப்போடும் அரிசியின் விலை. பிறகு சிங்கப்பூருக்கென்று 50,000 டன் அரிசிக்கு இந்தியா தனி அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பிரியாணிக்கு வெங்காயம் இல்லாமல் ஆகுமா?

பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடை அந்த வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. உணவங்காடிக்காரர்களில் பெரும்பாலோர் இந்த வகை. ஆகவே உங்கள் தட்டுக்குத் தனியாக வரி சேர்வதில்லை. ஆனால் எண்ணெய், எரிவாயு, பொட்டலப் பெட்டி என்று அவர் வாங்குவதில் வரி சேர்ந்தே வருகிறது; அதை அவரால் திரும்பப் பெறவும் முடியாது.

வாடகைக்கு மேல் மேசை துடைக்க, பாத்திரம் கழுவ, பொதுப் பராமரிப்புக்கு என்று தனிக் கட்டணங்களும் உண்டு. மாத வாடகையை மட்டும் வைத்துக் கடைக்காரரின் இடச்செலவைக் கணக்குப்போட்டால் குறைவாகத்தான் வரும்.

## அப்படியானால் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

ஏலத்தில் அதிகம் கேட்பவர்களை முட்டாள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் போடுகிற கணக்கு வேறு.

நல்ல இடத்தில் ஒரு கடை காலியாவது அபூர்வம். ஏற்கெனவே பெயர் எடுத்த ஒருவர் இரண்டாவது கடை திறக்க நினைத்தால், கடைத்தொகுதியில் தர வேண்டிய வாடகையோடு ஒப்பிட்டு இதை மலிவு என்று நினைக்கலாம். மூன்றாண்டு கழித்து மதிப்பீட்டுக்கு இறங்கும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். அப்புறம், ஒரு மாத முன்னறிவிப்புடன் கடையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால், தப்பிக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

புதிதாக வருகிறவர்தான் இதில் அடிபடுகிறார். முப்பது வயதில் வேலையை விட்டுவிட்டு அம்மாவின் மீன்குழம்புச் செய்முறையோடு வருகிற ஒருவருக்கு, எவ்வளவு கேட்டால் கட்டுப்படியாகும் என்ற அனுபவம் கிடையாது. முந்தைய ஏல முடிவுகள் வாரியத்தின் இணையத்தளத்தில் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. ஏலம் கேட்கும் முன் குறைந்தது ஓர் ஆண்டு முடிவுகளையாவது பார்க்க வேண்டும், கேட்க நினைக்கிற நிலையத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து ஏலம் கேட்பவர்களுக்குத்தான் நஷ்டம்.

அவருக்கு இன்னொரு சுவர் உண்டு. பக்கத்துக் கடையில் பல்லாண்டுகளாக இருக்கிற பெரியவர் 320 வெள்ளி வாடகையில் ஒரு விலைக்கு விற்கிறார். புதியவர் அதைவிட ஒரு வெள்ளி கூட்டினால் வாடிக்கையாளர் பெரியவரிடம் போய்விடுவார். ஆகவே அதிக வாடகையை அவரால் முழுதாக விலையில் ஏற்ற முடியாது. தன் தூக்கத்திலிருந்தும் லாபத்திலிருந்தும்தான் கொடுக்கிறார். பழைய நிலையங்களில் விலையைப் பிடித்து வைத்திருப்பது எந்த விதியும் இல்லை, அந்தப் பெரியவர்தான்.

## புதிய நிலையங்களில் வேறு ஏற்பாடு

2011 க்குப் பிறகு அறிவிக்கப்பட்ட நிலையங்களில் பலவற்றைச் சமூக நிறுவனங்கள் என்ற ஏற்பாட்டில் நடத்துகிறார்கள். கட்டடம் அரசுடையது, நடத்தும் பொறுப்பு ஒரு நிறுவனத்துக்கு. யாருக்குக் கடை, எத்தனை மணி நேரம் திறக்க வேண்டும், எந்த உணவு மலிவு விலையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதுகிறது.

இதில் நல்லது இருக்கிறது. பல வகை உணவு கலந்து கிடைக்கும்; ஏலச்சண்டை இல்லை; புதியவருக்கு வழிகாட்டல் கிடைக்கும். ஆனால் 2018 இல் பெரிய விவாதம் எழுந்தது: வாடகை மிதமாகத் தெரிந்தாலும், தட்டு திருப்புதல், பாத்திரம் கழுவுதல், பணம் வாங்கும் இயந்திரம் என்று கட்டணங்கள் சேர்ந்து மொத்தம் எகிறுகிறது, வேலை நேரமும் கட்டாயமாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அதன் பிறகு சில நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன.

என் பார்வையில் இங்கே கேட்க வேண்டிய கேள்வி, மலிவு உணவின் செலவை யார் ஏற்பது என்பதுதான். மலிவு விலைச் சாப்பாடு கண்டிப்பாக வேண்டும். முதியவர்களும் குறைந்த வருமானக்காரர்களும் அதை நம்பியிருக்கிறார்கள். வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் வாடகைக்கு எடுத்த காப்பிக்கடைகளிலும் 2023 முதல் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மலிவு விலை உணவு கட்டாயம். ஆனால் அந்தத் தள்ளுபடியைத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவரின் கையிலிருந்தே எடுத்தால், அவர் அதிக நாள் நிற்க மாட்டார். அரசு குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு இதைவிட நேர்மையான வழி. அதில் ஒரு பாதியை உணவங்காடியிலும் அக்கம்பக்கக் கடையிலும்தான் செலவிட முடியும். சாப்பிடுபவருக்கு உதவி கிடைக்கிறது, கடைக்காரருக்கு முழுப் பணமும் வருகிறது.

## பெரியவர்கள் விடைபெறும்போது

உணவங்காடிக்காரர்களின் இடைநிலை வயது 60 ஐ ஒட்டி இருக்கிறது. இந்த ஒரு எண்ணைப் பத்தாயிரம் வெள்ளி ஏலத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏனென்று படிப்படியாகப் பார்த்தால் தெரியும்.

1. மானிய வாடகைக்காரர் ஓய்வு பெறுகிறார். பிள்ளைகள் வேறு வேலையில் இருக்கிறார்கள்.
2. கடை ஏலத்துக்கு வருகிறது. 320 வெள்ளி இருந்த இடத்தில் ஆயிரமோ மூவாயிரமோ வருகிறது.
3. புதியவர் ஆரம்பத்தில் பழைய விலையிலேயே விற்கப் பார்க்கிறார், ஏனென்றால் பக்கத்தில் இன்னும் சில பெரியவர்கள் இருக்கிறார்கள்.
4. அவர்களும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். விலையைப் பிடித்து வைத்திருந்த கை தளர்கிறது.
5. அந்த நிலையத்தின் விலை மொத்தமாக ஒரு படி ஏறுகிறது.

இதில் யாரும் பேராசைக்காரர் இல்லை. ஒரு தலைமுறையின் மானியம் ஒரு தலைமுறையோடு முடிகிறது, அவ்வளவுதான். இவ்வளவு காலம் நாம் சாப்பிட்ட விலைக்குள் அந்த மானியமும், அந்தப் பெரியவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொள்ளாத கூலியும் சேர்ந்திருந்தன.

ஆள் கிடைக்காததும் இதோடு சேர்கிறது. உணவகம் வெளிநாட்டு ஊழியரை வேலைக்கு வைக்கிறது. உணவங்காடிக்காரருக்கு நீண்ட காலம் அந்த வழி இல்லை. 2025 ஜனவரி முதல் நீண்டகால வருகை அட்டை வைத்திருப்பவர்களை உதவியாளராக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். பெரும்பாலும் சிங்கப்பூரரின் வெளிநாட்டு வாழ்க்கைத்துணைகள். தேக்கா போன்ற இடத்தில் இது பயனுள்ள மாற்றம். தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி வந்து, சமைக்கத் தெரிந்தும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பெண்கள் இங்கே பலர். புதியவர்களுக்குப் பழைய கடைக்காரர்களிடம் தொழில் பழகும் திட்டங்களையும் வாரியம் 2020 முதல் நடத்துகிறது. பிரியாணிக்குத் தம் போடும் பக்குவத்தை வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியாது. பக்கத்தில் நின்று ஆறு மாதம் பார்க்க வேண்டும்.

## தேக்காவுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்

1. காலை பத்து மணிக்குள் போனால் ஈரச்சந்தையும் உணவங்காடியும் இரண்டும் முழு வீச்சில் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் ஈரச்சந்தைக் கடைகள் மூட ஆரம்பிக்கும். துப்புரவுக்காகக் காலாண்டுக்கு ஒருமுறை நிலையம் மூடுவார்கள். தேதியைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

2. மேசையில் ஒரு மெல்லிழைத்தாள் (டிஷ்யூ) பொட்டலம் கிடந்தால் அந்த இடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்து ஓரம் வைத்துவிட்டு உட்காராதீர்கள்.

3. சாப்பிட்ட தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் இது சட்டப்படி அமலாகிறது. முதல் முறை எழுத்துமூல எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு. மாற்றி வைத்துவிட வேண்டாம்.

4. பானம் கேட்கும் மொழி: 'தே' என்றால் இனிப்புப் பாலுடன் தேநீர், 'தே ஓ' என்றால் பால் இல்லாமல், 'தே சி' என்றால் இனிப்பில்லாக் கெட்டிப்பாலும் சர்க்கரையும், 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை வேண்டாம், 'ஹாலியா' சேர்த்தால் இஞ்சி.

5. பெரும்பாலான கடைகளில் கியூஆர் குறியீட்டில் பணம் கட்டலாம். ஆனாலும் கொஞ்சம் சில்லறை கையில் இருக்கட்டும், வயதான சில கடைக்காரர்களுக்கு அதுதான் வசதி.

சாப்பிட்டு முடித்து எழும்போது கடையின் நெற்றியில் பாருங்கள். பெயர்ப்பலகையில் சிறிய எழுத்தில் 01 என்று தொடங்கும் ஒரு கடை எண் இருக்கும். கடைக்காரர் ஓய்வு பெற்ற பிறகு வாரியத்தின் மாதாந்திர ஏலப் பட்டியலில் வருவது அந்த எண் மட்டும்தான். பக்கத்தில் எத்தனை சதுர மீட்டர் என்று இருக்கும், பிரியாணியா தோசையா என்று இருக்காது.